கதிரைக்கு அடியில் இருந்த என் எழுத்து

அன்றைக்கு அந்த வகுப்பறையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வழக்குக்கு முன் சமரசம் பேசிவைக்கும் மத்தியஸ்த சபைக்காரர்கள் மூன்று பேர். நடுவில் ஓய்வு பெற்ற சிங்கள அதிபர் ஒருவர், அவருக்கு வலப்பக்கம் ஒரு காலத்தில் தபால் கந்தோரில் இருந்த பெரியவர், அவரும் சிங்களவர்தான், இடப்பக்கம் ஓய்வு பெற்ற முஸ்லிம் டீச்சர். எதிரே என் கூட்டாளி. அவர் பக்கத்தில் அவர் மனைவி. இந்தப் பக்கம் நான். எனக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கதிரை, அதில் யாரும் உட்காரவில்லை. அதையும் ஏழாவது ஆளாகச் சேர்க்க வேண்டும். எனக்காக வந்த சாட்சி அது ஒன்றுதான். என் மனைவி வரவில்லை. வந்தால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள் என்று நான்தான் வேண்டாம் என்றேன். பிறகு, கூட்டி வந்திருக்கலாமோ என்று வழியெல்லாம் யோசித்தேன்.

சபை கூடுவது பாடசாலையில்தான். சனிக்கிழமை என்பதால் பிள்ளைகள் இல்லை. சின்னப் பிள்ளைகள் உட்காரும் வாங்கில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். கரும்பலகையைப் பார்த்தாலே இப்போதும் கடைசி வாங்குக்குப் போகத்தான் தோன்றும். அந்தக் கரும்பலகையில் வெள்ளிக்கிழமைக் கணக்கு ஒன்று அழிக்காமல் இருந்தது. அதற்கு விடை தெரியுமா என்று என்னைக் கேட்டுவிடுவார்களோ என்று கூட ஒரு நிமிடம் பயந்தேன். அப்படித்தான் என் புத்தி போகும்.

கதிரையை நான் இருக்கும் மஹய்யாவையிலிருந்து பஸ்ஸில் கொண்டு வந்தேன். கண்டக்டர் பையன் சிங்களத்தில், "அங்கிள், இவருக்கும் டிக்கெட் போடவா?" என்று கேட்டான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஆனால் கைகள் வேர்த்து, கதிரையின் கால் வழுக்கிக்கொண்டே இருந்தது.

எங்கள் தொழில் கதிரை வாடகைக்கு விடுவது. கதிரை, மேசை, ஹட் என்று நாங்கள் சொல்லும் கம்பிக்கால் பந்தல், பெரிய சோற்றுச் சட்டி, கேஸ் அடுப்பு. கலியாணம், சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா, சாவு, எது நடந்தாலும் சனம் உட்கார வேண்டுமல்லவா. நானும் கூட்டாளியும் முதலில் இன்னொருவருடைய கடையில் லொறியில் சாமான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவர்கள். அந்த முதலாளி பிள்ளைகளோடு வெளிநாட்டுக்குப் போனபோது பழைய சாமான் எல்லாவற்றையும் எங்களுக்கே விற்றார். கூட்டாளி ஒரு பாதிப் பணம் போட்டார். நான் ஒரு பாதி. என் பாதி, அம்மா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தபோது கையில் கிடைத்த சேவைக்காலப் பணம். அம்மா அதை ஒரு துணிப்பையில் வைத்துக் கொடுத்தார். "யாருகிட்ட போடுற?" என்று கேட்டார். "அண்ணேகிட்டம்மா," என்றேன். எனக்குச் சொந்த அண்ணன் கிடையாது. என் கூட்டாளியைத்தான் அப்படிக் கூப்பிடுவேன். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

வியாபாரப் பெயர் பதிய பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்பு நான் சாத்திரம் பார்க்கிறவரிடம் போனேன். போயிருக்கத் தேவையில்லை. ஆனால் என்னால் போகாமல் இருக்க முடியாது. புது டயர் போடுவதற்குக் கூட நாள் பார்க்கிறவன் நான். அவர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, ஏழரைச் சனியின் கடைசிப் பகுதி நடக்கிறது, இப்போதைக்கு எந்தத் தொழிலிலும் என் பெயர் வரக் கூடாது, வந்தால் தொழிலே படுத்துவிடும் என்றார். அம்மாவின் பணம் படுத்துவிடும் என்றுதான் என் காதில் விழுந்தது.

அண்ணேயிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சாமான் வைக்கும் ஷெட்டில் கதிரைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"டேய், சனிக்கு வேற வேலை இல்லையா? ஊர்ல எத்தன பேரு இருக்கான், உன்னயே புடிச்சிக்கிட்டு திரியிறாரு."

"சிரிக்காதீங்கண்ணே. உங்க பேர்ல மட்டும் பதிங்க. சனி போனதும் என் பேரையும் போட்டுக்கலாம்."

"நீயா சொல்ற, பொறவு என்னய சொல்லக் கூடாது."

"நான் ஏன் சொல்லப் போறேன்?"

அப்படியே பதிந்தோம். அவர் பெயரில் மட்டும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டுக்கு இரண்டு மூன்று கடைக் கதிரைகள் வந்து கலந்துவிடும். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே அச்சு. அதனால் ஒவ்வொரு கடைக்காரனும் கதிரைக்கு அடியில் பெயிண்டால் ஒரு அடையாளம் போடுவான். திரும்ப எடுக்கும்போது ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்துத்தான் லொறியில் ஏற்றுவோம். நாங்கள் அடையாளம் போட உட்கார்ந்த அன்று அண்ணே சிவப்பு பெயிண்டில் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டு, நீலப் பெயிண்டை என் பக்கம் தள்ளினார். நான் பயந்தேன்.

"எழுதுடா. பேப்பர்லதானே வேணாம்னாரு. அடியில எழுது. சனி என்ன, குனிஞ்சி பாக்கவா போறாரு?"

அண்ணி, அதாவது அவர் மனைவி, அப்போது எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தவர், சிரித்த சிரிப்பில் புரையேறி இருமினார். நான் என் பெயரின் முதல் எழுத்தை எழுதினேன். ஒவ்வொரு கதிரைக்கு அடியிலும் சிவப்பு எழுத்து ஒன்று, பக்கத்திலேயே நீல எழுத்து ஒன்று. பிறகு வாங்கிய கதிரைகளுக்கும் அதே மாதிரி.

நல்லாத்தான் போனது. அவர் ஆட்களோடு பேசுவார், விலை பேசுவார். நான் சாமானைப் பார்ப்பேன். மழை பெய்தால் ஹட் துணி கிழிந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டிருப்பேன். மஹய்யாவைச் சந்துகளில் லொறி போகாது, படியேறிக் கதிரை சுமக்க வேண்டும். சாவு வீட்டில் கருமாதி முடியும்வரை வாடகை கேட்க மாட்டோம். கேட்காமலே சில வீட்டில் மறந்தும் போவார்கள். வந்த காசைச் செலவு போகப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்வோம். சனி போய்விட்டது என்று தெரிந்ததும் பெயர் விஷயத்தை எடுத்தேன். "ஆகட்டும்டா" என்றார். அடுத்த வருடம் எடுத்தேன். "இப்ப குரு பார்வை சரியில்லேங்கிறாங்களே, பாத்தியா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். என் பயத்தை வைத்தே என்னைப் பூட்டிவிட்டார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. சாத்திரக்காரரிடம் போய் விசாரித்து வேறு பார்த்தேன்.

கொரோனா காலத்தில் கதிரைகள் எல்லாம் அடுக்கியபடியே தூசி பிடித்துக் கிடந்தன. ஷெட் வாடகைக்கு மனைவியின் காப்பை அடகு வைத்தேன். பிறகு லொறிக்கு டீசல் வரிசை. அதெல்லாம் முடிந்து மறுபடி கலியாணங்கள் தொடங்கிய பிறகும் எங்களுக்குக் கலியாணம் வரவில்லை. சாவுதான் வந்தது. "சனம் இப்ப கலியாண ஹோல் எடுக்கிறாங்கடா, நம்ம பிளாஸ்டிக் கதிரையில யாரு பொண்ணு மாப்பிள்ளைய உக்கார வைப்பான்?" என்பார் அண்ணே. சரிதானே என்று நினைத்தேன்.

ஒரு நாள் என் போனுக்குத் தெல்தெனியவிலிருந்து ஒரு பெண் பேசினார். முன்பு ஒரு முறை அவர்கள் வீட்டுக்குக் கதிரை கொடுத்திருக்கிறோம், அந்த நம்பரை வைத்திருக்கிறார்.

"அண்ணா, உங்க கதிரையெல்லாம் மழையில நனையுது. கலியாணம் முடிஞ்சிருச்சி, எப்ப வந்து எடுக்கிறீங்க?"

இந்த முறை நாங்கள் தெல்தெனியவுக்குக் கதிரையே அனுப்பவில்லை. ஷெட்டுக்குப் போய் எண்ணினேன். அறுபது குறைந்தது. எந்தச் சாவு வீட்டில் விட்டுவிட்டேன், யாரிடம் பதில் சொல்லப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே தெல்தெனிய பஸ் ஏறினேன்.

அங்கே போய்ப் பார்த்தால் புத்தம்புது அலுமினிய ஹட். மெத்தை வைத்த சிவப்புக் கதிரைகள். முன் வரிசையெல்லாம் அவை. பின்னால் எங்கள் வெள்ளைக் கதிரைகள் அறுபது. ஒன்றைக் கவிழ்த்தேன். சிவப்பு எழுத்து இருந்தது. நீல எழுத்து இருந்த இடத்தில் கறுப்புப் பெயிண்ட் பூசியிருந்தது. இன்னொன்றைக் கவிழ்த்தேன். அதுவும் அப்படித்தான். அந்தப் பெண் குடை பிடித்துக்கொண்டு நின்று என்னையே பார்த்தார். "ஏதும் ஒடஞ்சிருக்கா அண்ணா? நாங்க ஒடைக்கல," என்றார். பாவம், பயந்துவிட்டார்.

அவர் காட்டிய ரசீதில் இருந்த கடைப் பெயர் வேறு. விசாரித்தால், அண்ணேயின் மகன் பெயரில் பதிந்த கடை. மகன் கத்தாரில் வேலை செய்கிறான். பெயர் மட்டும் இங்கே. சாமான் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு ஷெட்டில். பேசுவது, விலை சொல்வது எல்லாம் அண்ணே. கலியாணம் வந்தால் அங்கே. சாவு வந்தால் இங்கே.

எங்கள் ஷெட்டில் வைத்து அண்ணேயிடம் கேட்டேன்.

"அது மகனோட பிசினஸ்டா. நம்ம கதிரை கொஞ்சம் குடுத்து ஒதவுனேன். அதுக்கு என்ன இப்ப?"

"வாடகை எங்கண்ணே?"

"அப்பன் மகன்கிட்ட வாடகை வாங்குவானா?"

"நான் அவனுக்கு அப்பன் இல்லையே."

அவர் முகம் மாறியது. "நீ ரொம்ப பேசுற," என்றார். அடுத்த வாரம் ஷெட்டுக்குப் போனபோது பூட்டு புதிது. என் சாவி உள்ளே போகவே இல்லை. நான் சாவியைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். எதிர்க் கடைக்காரர், "பூட்ட மாத்திட்டாங்க, தெரியாதா?" என்று கேட்டபோது எனக்கு வந்த வெட்கம் இருக்கிறதே, களவெடுக்கப் போய் மாட்டியவன் மாதிரி நின்றேன். எல்லாவற்றுக்கும் மேலே, மாதக் கடைசியில் ஒரு ஆளிடம் கடித உறையில் காசு கொடுத்தனுப்பினார். உறையின் மேல் "சம்பளம்" என்று எழுதியிருந்தது.

நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துப் பெண் பிள்ளை, சின்ன வயது. பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, பங்குதாரர் எண்டால் ஒருத்தருக்கு ஒருத்தர் உண்மையா இருக்க வேணும். கணக்கை மறைக்கக் கூடாது. மற்றவருக்குத் தெரியாமல் அதே தொழிலை வேற பேரில செய்யக் கூடாது. அப்பிடிச் செய்து வந்த லாபத்திலயும் உங்களுக்குப் பங்கு கேக்கலாம். பூட்டை மாத்தி உங்களை வெளியில விடவும் ஏலாது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சட்டம் என் பக்கம் இருக்கிறது என்று யாராவது சொல்லி நான் கேட்டதே இல்லை.

"ஓம், ஆனா நீங்கள் பங்குதாரர் எண்டு காட்ட வேணும். எழுத்தில ஏதும் இருக்கோ? போட்ட முதல் ஆயிரம் ரூபாக்கு மேல எண்டால் கையெழுத்து வைச்ச ஒப்பந்தம் கேப்பினம்."

"ஆயிரமா? இப்ப ஒரு கதிரை வாங்கவே அது காணாதே."

"அது பழைய காலத்துச் சட்டம், ஐயா. அப்ப ஆயிரம் பெரிய காசு. வழியே இல்லை எண்டு நான் சொல்லேல்ல. ஆனா இழுபடும். எழுத்தில ஒண்டுமே இல்லையோ?"

"கதிரைக்கு அடியில இருக்கும்மா," என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் விளக்கிச் சொன்னதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, முதலில் மத்தியஸ்த சபைக்குப் போங்கள், இந்தத் தொகைக்கு எப்படியும் அங்கே போய்த்தான் வர வேண்டும் என்றார்.

அதனால்தான் கதிரை வந்தது. அதன் கால் வெடித்திருந்தது. கம்பியைச் சூடாக்கி ஒட்டுவதற்காக, பூட்டு மாறுவதற்கு முன்பே வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன். இல்லாவிட்டால் அதிலும் கறுப்பு பூசியிருப்பார்கள்.

வகுப்பறையில் அண்ணே தெளிவாகப் பேசினார். நல்ல வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். "இவரு என்கிட்ட வேலை செஞ்சவருங்க. நல்ல ஆளுதான். கொஞ்சம் பயந்த சுபாவம், சும்மா சும்மா சந்தேகம் வரும். பதிவுல பாருங்க, என் பேரு மட்டும்தான் இருக்கு." அதிலே ஒரு சொல்லும் பொய் மாதிரி கேட்கவில்லை. என் பேச்சுத்தான் எனக்கே பொய் மாதிரி கேட்டது. சனி, சாத்திரம், அம்மா, துணிப்பை என்று எங்கெங்கோ போய், தொடங்கிய இடம் மறந்துவிட்டது. டீச்சர்தான் ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் மற்ற இருவருக்கும் சொன்னார். சனி விஷயத்தைச் சொன்னபோது மூவருமே தலையாட்டினார்கள். அது அவர்களுக்கு மொழிபெயர்க்காமலே விளங்கும் போலிருந்தது.

அதிபர் அண்ணேயைக் கேட்டார், டீச்சர் தமிழில் சொன்னார்: "வேலைக்காரர்னா ஈ.பி.எப். கட்டினீங்களா?"

"இல்லைங்க, கையிலதான் குடுத்தேன்."

"அப்ப இவ்வளவு வருஷத்துக்கும் கட்ட வேண்டி வருமே."

அண்ணே கைக்குட்டையை எடுத்தார்.

அப்போது நான் கதிரையைத் தூக்கி மேசை மேல் கவிழ்த்து வைத்தேன். தபால்காரப் பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். சிவப்பு எழுத்து. நீல எழுத்து.

"பெயிண்ட் அடிச்சது இவருதாங்க," என்றார் அண்ணே. "அவரா அவர் எழுத்தப் போட்டுக்கிட்டாரு. எனக்கு எப்படித் தெரியும்? யாரு கதிரைய கவுத்து கவுத்து பாக்குறா?"

கதிரையைக் கவிழ்க்காமல் ஒரு நாளாவது தொழில் செய்திருக்கிறோமா? அதைச் சொல்வதற்குப் பதில் கதிரையின் வெடித்த காலைத் தடவிக்கொண்டு நின்றேன். அம்மாவின் முப்பது வருடக் கொழுந்து அந்த மேசை மேல் நான்கு காலையும் மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது.

அப்போதுதான் அண்ணி பேசினார். எங்களைப் பார்த்து இல்லை, கதிரையைப் பார்த்து, கொஞ்சம் எரிச்சலாக.

"என்னங்க பேசுறீங்க? நீங்கதானே எழுதச் சொன்னீங்க, சனி குனிஞ்சி பாக்கவா போறாருன்னு. நான் தேத்தண்ணியோட நின்னேனே, பொற ஏறிச்சே எனக்கு."

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். டீச்சர் சிங்களத்தில் சொன்னார். அதிபர் சிரிக்காமல் இருப்பதற்கு ஜன்னல் பக்கம் திரும்பினார். அண்ணே மனைவியைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. அண்ணி வீட்டுக்குப் போய் என்ன பாடு படப் போகிறாரோ என்ற கவலைதான் வந்தது.

அதற்குப் பிறகு பேரம்தான். மகன் கடையின் லாபத்தைப் பற்றி அண்ணே வாயே திறக்கவில்லை. நீதிமன்றத்துக்குப் போனால் எத்தனை வருடம், எவ்வளவு செலவு என்று டீச்சர் மெதுவாகச் சொன்னார். என் பங்கு உண்மையில் இன்னும் பெரிது, அது எனக்கும் தெரியும், அண்ணேக்கும் தெரியும். நான்கு லட்சத்து எண்பதாயிரத்துக்கு ஒத்துக்கொண்டேன். மாதம் நாற்பதாயிரமாக ஒரு வருடத்தில். சாமான் எல்லாம் அவருக்கு. தபால்காரப் பெரியவர் அழகான கையெழுத்தில் சிங்களத்தில் எழுதினார், டீச்சர் தமிழில் வாசித்துக் காட்டினார்: கூட்டாகத் தொழில் செய்து வந்த இருவரும் இன்றிலிருந்து பிரிவதற்கு இணங்குகிறார்கள்.

"அந்த முதல் சொல்லக் கொஞ்சம் திரும்ப வாசிங்க டீச்சர்," என்றேன்.

"கூட்டாகத் தொழில் செய்து வந்த இருவரும்," என்று வாசித்தார்.

அண்ணே அதற்குக் கீழே கையெழுத்து வைத்தார். எங்கள் பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்த ஒரே தாள் அது. சனி எப்போதோ போய்விட்டது, நான் பயப்படாமல் கையெழுத்து வைத்தேன். வைத்த பிறகு, ஐயோ, இதோடு முடிந்துவிட்டதே என்று இருந்தது.

எழுந்து போகும்போது அண்ணே கதிரையைக் காட்டி, "அதையும் குடுத்துட்டுப் போ. சாமானெல்லாம் எனக்குன்னுதான் எழுதியிருக்கு," என்றார்.

"காசு முடியட்டும்ணே. பொறவு தாறேன்," என்றேன். அவ்வளவு நேரத்தில் நான் ஒழுங்காகப் பேசிய ஒரே பேச்சு அதுதான் என்று மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

மூன்று மாதம் காசு வந்தது. நான்காவது மாதம் வரவில்லை. போன் எடுத்தேன். "இந்த மாசம் சாவே இல்லடா, என்ன செய்யச் சொல்ற?" என்று சிரித்தார். மகன் கடையின் லொறி கலியாணக் கதிரையோடு என்னைத் தாண்டிப் போவதை அதே வாரம் பார்த்தேன். பிறகு ஒரு தரம் பதினையாயிரத்தை அண்ணி கையில் கொடுத்தனுப்பினார். கோயில் வாசலில் வைத்துத் தந்தார் அண்ணி.

"அன்னிக்கு வாயத் தொறந்ததுக்கு இன்னும் பேச்சு வாங்குறேன், தம்பி. இனி என்னய எதுக்கும் கேக்காதீங்க."

"நான் ஒண்ணும் கேக்கலையே அண்ணி."

"நீங்க கேக்க மாட்டீங்க. அதுதான் உங்க கஷ்டம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இணக்கத்தை மீறினால் மறுபடி சபைக்கு எழுதிப் போட வேண்டும், அவர் வராவிட்டால் பிணக்கு தீரவில்லை என்று சபை ஒரு சான்றிதழ் தரும், அதை எடுத்துக்கொண்டுதான் நீதிமன்றம் என்கிறார் அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. எழுதிப் போட்டிருக்கிறேன். கதிரை எங்கள் வீட்டுக் குசினியில் இருக்கிறது. காலை நன்றாக ஒட்டிவிட்டேன். மனைவி அதில் உட்கார்ந்துதான் வெங்காயம் உரிப்பாள். நான் உட்காருவதில்லை. அது இன்னும் அவருடைய சாமான். நான் திருப்பிக் கொடுக்க வேண்டியது அது ஒன்று. அவர் எனக்குத் தர வேண்டியது இன்னும் மூன்று லட்சத்து நாற்பத்தையாயிரம் ரூபாய்.